தேன் தடவிய ரப்பர்

பெர்னார்ட் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என்னைவிடத் தேனைத்தான் அதிகம் கவனித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. முப்பது வயதில் ஒருவன் பார்க்க வருவதே பெரிய விஷயம் என்று மாதா கோயிலில் பாதிப் பேர் சொல்லிக்கொண்டிருந்த காலம். நான் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றால், மனிதர் அப்பாவுக்கு, ராணித் தேனீ தின்னும் ராயல் ஜெல்லியின் மகிமையை விளக்கிக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு அதுதான் பிழைப்பு. சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் தேன், மகரந்தப் பொடி, தேனீப் பிசின் என்று ஊர் ஊராக விற்பவர். ஈப்போவில் கம்பெனிக்காரர்கள் கூட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததை எங்கள் வீட்டில் அப்படியே ஒப்பித்தார். வெட்டிய ஆப்பிள் கறுப்பது போல, இரும்பு துருப்பிடிப்பது போல, நம் உடம்பும் உள்ளுக்குள் கெட்டுப்போகிறதாம். தேனில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறதாம், அது தடுக்குமாம். 1987இல் ஜெலாப்பாங்கில் எங்கள் தெருவில் அந்த வார்த்தையைக் கேள்விப்பட்டவர் ஒருவர்தான். என் நேரம், அது என் அப்பாவாக இருந்தார்.

அப்பா சூசைநாதன், பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறையில் ஆட்களை மேய்க்கும் மண்டோர். கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"அத நாங்க ரப்பர்ல கலக்குறோம் தம்பி, டயர் வெடிப்பு விடாம இருக்க. தேனுக்குள்ள எப்படி வந்துச்சு?"

பூவிலிருந்து வருகிறது என்றார் பெர்னார்ட். அப்பா நம்பவில்லை. ஒன்று இவன் புளுகுகிறான், இல்லாவிட்டால் எவனோ ஃபேக்டரி மருந்தைத் தேனில் ஊற்றியிருக்கிறான், எப்படிப் பார்த்தாலும் பெண்ணைக் கொடுக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. அம்மா கெர்ட்ரூட் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு மாட்டும்போது பெர்னார்ட் என்னிடம் மெதுவாக, "பயத்துல ரொம்பப் பேசிட்டேன் லா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

மறுநாள் அப்பா தீர்ப்புச் சொன்னார். தவக்காலம் தொடங்கிவிட்டது, ஈஸ்டர் வரை எப்படியும் கல்யாணம் கிடையாது. அதற்குள் தேனைச் சோதித்துவிடலாம். தேனைச் சோதிக்க மற்றவர்கள் தீக்குச்சியை முக்கி உரசுவார்கள், நாய்க்கு வைத்துப் பார்ப்பார்கள். என் அப்பா ரப்பர்காரர். மருந்து சேராத ரப்பரில் இரண்டு துண்டு வெட்டி, ஒரு பலகையில் இழுத்து ஆணி அடித்தார். ஒன்றை வெறுமனே விட்டார், மற்றதில் தேனையும் பிசினையும் குழைத்துத் தடவினார். பலகை சமையலறைத் தகரக் கூரைக்கு ஏறியது. தேன் துண்டு வெடித்தால் சம்பந்தம் இல்லை.

முதல் நாள் எறும்பு வந்தது. பலகையைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றினார். சாயங்கால மழை தேனைக் கழுவிக்கொண்டு போனது. மறுபடி ஏணி, மறுபடி தேன். தவக்காலம் முடியும்வரை இனிப்பைத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்ட மனிதர், கூரைமேல் உட்கார்ந்து பிரஷ்ஷை நக்கியதை நானே பார்த்தேன். கேட்டால் சோதனை என்றார். போத்தல் காலியாக ஆக, பெர்னார்டையே வரவழைத்து வாங்க வேண்டியதாயிற்று. அவரும் வாரம் தவறாமல் வந்தார். அப்பா மேலே தடவிக்கொண்டிருக்க, நாங்கள் கீழே வேலியோரம் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அந்தத் தேன் தீரவே கூடாது என்றிருந்தது, அந்த ரப்பர் வெடித்துவிடுமோ என்று தூக்கமும் இல்லை.

ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் பெர்னார்ட் வந்துவிட்டார். அப்பா பனியனோடு ஏறிப் பலகையை இறக்கினார். வெறும் துண்டு முழுக்க வெடிப்பு. தேன் துண்டில் ஒரு கீறல்கூட இல்லை. அப்பா துண்டை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். முகம் மாறியது.

"இது நான் வச்ச துண்டு இல்ல. மருந்து போட்ட புது ரப்பர். யாரு மாத்துனது?"

நான் மாற்றவில்லை. ஆனால் பெர்னார்ட் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், நான்தான் என்று அவர் நினைப்பது தெரிந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் அங்கிள். மன்னிச்சிருங்க."

அப்பா கேட்டைக் காட்டினார். என் கல்யாணமும் அந்தக் கேட்டைத் தாண்டிப் போகப்போகிறது என்று நினைத்தேன். அப்போதுதான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பினார். நாற்காலியில் ஏறவே பயப்படுகிறவர்.

"அந்தத் தம்பி ஏணியத் தொட்டதுகூட இல்ல. நான்தான் உங்க பட்டறத் துண்டு ஒண்ண எடுத்துட்டு ஏறி மாத்துனேன். தேன் தடவுனதுதான் மொதல்ல வெடிச்சிச்சு."

அப்பா ஏன் என்று கேட்டார். அம்மா ஈரத்துணியைக் கூடையில் போட்டார்.

"ரப்பர் வெடிக்குதா வெடிக்குதான்னு தினம் ஏணி வச்சு ஏறிப் பாத்தீங்க. வீட்டுக்குள்ள டோரிஸ்னு ஒருத்தி இருக்காளே, அவ முகத்த ஒரு நாளு பாத்தீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். அழக்கூடாது என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அவர் பெர்னார்டின் பக்கம் திரும்பி, செய்யாததை ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்டார். டோரிஸ் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் என்றார் அவர், தலை குனிந்தபடி. அப்பா பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"சரி. அடுத்த ஞாயித்துக்கிழம கோயில் சாமியாரப் பாத்து, பூசையில கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுவோம்."

"இன்னிக்கும் ஞாயித்துக்கிழமதான்" என்றார் அம்மா. "சட்டையப் போடுங்க."