வாங்கிய நாட்டில் மட்டும்

திங்கட்கிழமை காலை அவளுடைய ஹெட்போனின் வலது பக்கம் ஊமையாகிவிட்டது.

இன்சூரன்ஸ் விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாகத் தட்டித் தருவது அவள் வேலை. கேட்பவர் குரல் இடது காதில் வரும், பதில் சொல்பவர் குரல் வலது காதில். அன்று முழுக்கக் கேள்விகளாகவே வந்துகொண்டிருந்தன, பதிலைக் காணோம்.

சர்வீஸ் சென்டரில் கவுன்ட்டர்காரர் பெட்டியிலிருந்த எண்ணை அடித்துப் பார்த்தார்.

"ரெண்டு வருஷ வாரண்டி, இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. ஆனா வெளிநாட்டுல வாங்கினதும்மா. நாங்க கையே வைக்க முடியாது."

"கம்பெனி ஒண்ணுதானே?"

"கம்பெனி ஒண்ணுதான். வாரண்டி மட்டும் வாங்கின நாட்டோட நின்னுடும். பில்லு யார் பேர்ல இருக்கோ அவங்க அங்க கொண்டுபோய்க் குடுத்தா புதுசே தருவாங்க. அங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றாள். பில் முன்னாள் கணவர் பெயரில் இருந்தது. விவாகரத்து முடிந்து, அவள் அண்ணன் வீட்டு மாடியறைக்கு வந்து பதினோரு மாதம். அதன் பிறகு அவரும் அவளும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கழுதை, வேற ஒண்ணு வாங்கிட்டுப் போயேன்" என்றாள் அண்ணி. "முடிஞ்சுபோன இடத்துல எதுக்குப் போய் நிக்கணும்?"

வாரண்டி இருக்கும்போது எதற்கு வீணாக்குவது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே அது ஒப்பவில்லை. பேச ஒரு சாக்கு கிடைத்ததில் மனம் துள்ளியதுதான் நிஜம்.

மதியம் கூப்பிட்டாள். அங்கே காலை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லு. வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"எல்லாரும் நல்லாருக்காங்க. ஹெட்போன்தான் போயிடுச்சு."

மறுமுனையில் மூச்சு விடும் சத்தம். பிறகு சிரிப்பு. "நல்லவேளை, பயந்துட்டேன். இரு, லேப்டாப்பத் திறக்கறேன்."

கம்பெனியின் விண்ணப்பத்தை அவர் ஒவ்வொரு வரியாக வாசித்து நிரப்பினார். அவள் எண்ணைச் சொன்னாள், பழுதைச் சொன்னாள். நடுவில் அவர் நிறுத்தினார்.

"பயன்படுத்தறவரு உரிமையாளருக்கு என்ன உறவுன்னு கேக்குது."

"என்னென்ன இருக்கு?"

"கணவன் மனைவி, பெத்தவங்க, பிள்ளைங்க, மத்தவங்க."

அவர் பக்கம் குழாய்த் தண்ணீர் ஓடுவது கேட்டது. அந்தச் சமையலறைக் குழாயைச் சரியாக மூட வராது. இன்னும் மாற்றவில்லை போல.

"மத்தவங்கன்னே போடுங்க" என்றாள்.

"ம்" என்றார். விசையைத் தட்டும் ஒலி கேட்டது.

அவள் ஹெட்போனைப் பார்சலில் அனுப்பினாள். அடுத்த மூன்று வாரத்தில் அவரிடமிருந்து மூன்று குறுஞ்செய்திகள்: 'வந்துடுச்சு.' 'கடையில குடுத்துட்டேன்.' 'மாத்தித் தந்தாங்க, அனுப்பிட்டேன்.' ஒவ்வொன்றையும் தேவைக்கு மேல் பல முறை படித்தாள். வேலை செய்யும்போது கைபேசி விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

பார்சல் வந்ததும் பெட்டியைப் பிரித்தாள். ஹெட்போனை எடுத்து வைத்துவிட்டு அட்டையைத் தட்டிப் பார்த்தாள். கையேட்டின் பக்கங்களையும் புரட்டினாள். சொருகி வைத்த துண்டுச்சீட்டு எதுவும் இல்லை.

'கிடைச்சுது. ரெண்டு பக்கமும் கேக்குது. நன்றி' என்று அனுப்பினாள். கொஞ்சம் யோசித்து, 'எப்படி இருக்கீங்க?' என்றும் கேட்டாள்.

பதில் மறுநாள் மாலைதான் வந்தது. 'நல்லாருக்கேன். வேலை ஜாஸ்தி. உடம்பப் பாத்துக்கோ.'

அதற்கு மேல் கேட்க அவளிடம் ஒன்றும் இல்லை. புது ஹெட்போனில் பழுதும் இல்லை.

மடித்த துணிகளோடு அண்ணி மாடியேறி வந்தாள். கைபேசியையும் அவள் முகத்தையும் பார்த்தாள்.

"என்ன சொன்னாரு?"

"வேலை ஜாஸ்தியாம்."

அண்ணி திட்டவில்லை. துணிகளைக் கட்டிலில் வைத்துவிட்டு, கீழே அத்தனை வேலை கிடக்க, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.