கோடையில் எடுத்த படம்

வரைபடப் பிரிவில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். செயற்கைக்கோள் படத்தில் கடுகளவு மாற்றம் தெரிந்தாலும் விடமாட்டாள். ஆற்றுக்கு மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பு இருபது ஆண்டுகளில் எப்படி மாறியிருக்கிறது என்று அறிக்கை எழுதுவது அவள் வேலை. காட்டுக்குப் பச்சை, கட்டடத்துக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம், தரிசுக்கு மஞ்சள்.

அன்று காலை ஆற்றோரத்தில் ஒரு மஞ்சள் திட்டு கண்ணை உறுத்தியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அவளே போட்ட மஞ்சள். மழைமாதப் படத்தை மேகம் மறைக்கிறதென்று, பளிச்சென்றிருந்த கோடைப் படத்தைப் பார்த்துத் 'தரிசு' என்று எழுதியிருந்தாள். இப்போது மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் ரேடார் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். மழைமாதத்தில் அந்த இடம் முழுக்கத் தண்ணீர். ஊருக்கே பூதக்கண்ணாடி பிடித்தவள், தன் தவறைக் கவனிக்காமல் விட்டிருந்தாள். வெட்கமாக இருந்தது.

அவள் எழுதிய அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அங்கே முப்பத்தெட்டு மனைகளுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று அவள் அண்ணனுடையது. அடுத்த வாரம் அஸ்திவாரம் தோண்டுவதாக இருந்தான். உடனே வரச் சொன்னாள்.

பூட்டுக் கடையை அடைத்துவிட்டு வந்த அண்ணன், விஷயத்தைக் கேட்டு முகம் வாடினான்.

"ஒரு கலர்தானே? இந்த ஒரு தடவை கண்டுக்காம விட்டுடேன். பதினஞ்சு வருஷமா வாடகை வீட்டுலயே கெடக்குறோம்."

"தப்பு என்னோடதுண்ணா. எவ்வளவு வேணா திட்டு, கேட்டுக்கிறேன். ஆனா தெரிஞ்சே திரும்ப மஞ்சள் போட மாட்டேன்."

"உன் வேலைக்கே உலை வச்சுக்கப் போற."

"போனா வேற வேலை பாத்துக்கலாம்."

அவன் திரையையே பார்த்தான். "பசங்க படுக்கிற ரூம் எங்க வருது?"

ரேடார் படத்தில் தண்ணீரின் நடுவில் விரலை வைத்தாள்.

அண்ணன், தான் கொண்டுவந்திருந்த வீட்டு பிளானைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "சரி, நீலத்தையே போடு. மத்த முப்பத்தேழு பேரையும் நான் கூட்டிட்டு வரேன். எல்லாரும் சேர்ந்து மாத்து இடம் கேப்போம்."

அவள் அறிக்கையின் முதல் வரியை எழுதினாள்: 'ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் தரிசு என்று எழுதியது தவறு. அது ஏரி.'

அதைப் படித்துவிட்டு அண்ணன் சொன்னான்: "ஆளு வெளியூர் போயிருந்தா வீடு காலின்னு பூட்டை ஒடச்சுக் குடியேறிடுவோமா? ஏரியும் அப்படித்தான். கோடையில தண்ணி வெளியூர் போயிருக்கு. எப்படியும் திரும்பி வரும். அதோட வீட்டுல நாம இருக்கக் கூடாது."