பாறைச் சூடு

மூன்று குடம் தண்ணீர் ஊற்றியும் தங்கராஜின் முதுகிலிருந்த ஒட்டு கழலவில்லை. அவர் தம்பி பச்சமுத்து நகத்தால் சுரண்டினார்.

“இன்னாம்மா மங்கை இது, செத்த பெறவும் உங்க நைனாவ வுட மாட்டேங்குது?”

“வலிக்குப் போட்டது சித்தப்பா,” என்று அடுத்த குடத்தை நீட்டினாள் மங்கை.

புற்றுநோயில் கிடந்த ராஜாராம் மாமாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து ஒட்டு அது. மருந்து தீருமுன் மாமா போய்ச்சேர்ந்தார், ஒட்டுகள் மிஞ்சின. நல்ல மருந்தை வீணாக்கும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. முந்தாநாள் நைனாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது மங்கைதான் ஒன்றை எடுத்து ஒட்டினாள்.

செஞ்சியில் இடுப்புவலிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாறை உண்டு. பகலெல்லாம் வெயில் குடித்த பாறை சாயங்காலம் ஒத்தடம் கொடுக்கும். ஆஸ்பத்திரி மாதிரி டோக்கன் வாங்க வேண்டாம். நேற்றும் நைனா போய்ச் சாய்ந்திருந்தார். மங்கை கூப்பிடப் போனபோது அவர் கண்கள் பாதி மூடியிருந்தன.

“கோட்ட நவுருது மங்கை. வானத்துல மோடம் போற மாதிரி, மெதுவா. வலியே இல்ல.”

கைபிடித்துக் கூட்டிவந்தாள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவளுக்கும் ராஜகிரிக் கோட்டை கொஞ்சம் நகர்ந்த மாதிரிதான் இருந்தது.

படுத்தவர் ஒரு குறட்டை விட்டார். அடுத்தது வர நெடுநேரமாயிற்று.

“நம்மூரு டவுன் பஸ்ஸு மாதிரிம்மா. ஒண்ணு போனா அடுத்தது எப்பன்னே தெரியல,” என்றாள் மங்கை. அம்மா வளர்மதியும் சிரித்தாள். விடியும்போது பஸ் நின்றிருந்தது.

எம்.காம். படித்தவள், மருந்துப் பெட்டிக்குள்ளிருந்த தாளை இன்று காலைதான் படித்தாள். பிறருக்குப் போடக் கூடாது. சூடு படக் கூடாது. மூச்சு அடங்கிவிடலாம்.

வந்தவர்கள் எல்லோரும் நல்ல சாவு என்றார்கள். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் அது நல்ல சாவாகவே இருந்துவிடும்.

பச்சமுத்து ஒருவழியாக ஒட்டைப் பிய்த்தெடுத்தார். “அண்ணன் வலியில்லாம போயிருக்காரு. பாக்கி இருக்குதா? முட்டி உயிர எடுக்குது. ஒண்ணு ஒட்டிக்கினு நானும் பாறையில சாயறேன்.”

“அலமாரியில மூணு இருக்குது. குடும்மா,” என்றாள் அம்மா.

“குடுக்க மாட்டேன்.”

“சித்தப்பனுக்கு ஒண்ணு குடுத்தா கொறஞ்சா பூடுவ?” என்றாள் அம்மா.

“நைனாவ அதுதான் கொன்னுது சித்தப்பா. ஒட்டுனது நானு.”

பச்சமுத்து கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். வாசலில் பந்தல் போடுகிறவர்கள் கயிறு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா எழுந்து வந்தாள். தோளில் கிடந்த துண்டை மங்கையிடம் கொடுத்தாள்.

“நைனா தலைய தொவட்டி வுடு.”

மங்கை காதுக்குப் பின்னாலிருந்து தொடங்கினாள். தலை சாய்ந்துவிடாமல் அம்மா பிடித்துக்கொண்டாள்.