பெருமாள் இப்ப எங்க இருக்கார்?

"யாரோட வந்தீங்க?"

"பெருமாளோட வந்தேன்."

"இது எந்த ஊர்?"

"அவரோட மாமனார் ஊரு."

டாக்டர் அனுபமாவின் பேனா தாளைத் தொடாமல் நின்றது.

அவசரப் பிரிவில் படுத்திருந்தவர் பெயர் அழகிரி. ஸ்ரீரங்கத்துக்காரர், பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று காலை உறையூர்த் தெருவொன்றில், வெயிலுக்காகத் தண்ணீர் தெளித்திருந்த இடத்தில் கால் வழுக்கி, நடைபாதைக் கல்லில் பின்மண்டை மோத விழுந்துவிட்டார். பக்கத்தில் நின்றிருந்த ரசூல் என்ற லோடு ஆட்டோக்காரர், தன் வண்டியில் தர்பூசணிகளை ஒதுக்கி இடம் செய்து, அவரைத் தாங்கலாக உட்கார வைத்து உறையூரிலேயே இருக்கும் இந்த மருத்துவமனைக்குக் கொண்டு வந்திருந்தார்.

"இன்னிக்கு என்ன நாள்?"

"ஆயில்யம்."

"நான் கிழமை கேட்டேங்க."

"கிழமை வருஷத்துக்கு வருஷம் மாறும்மா. ஆயில்யம்தான் கணக்கு."

"சரி, மணி என்ன இருக்கும்?"

அழகிரி சற்று யோசித்தார். "பெருமாள் ஆத்தைத் தாண்டியாச்சு. இன்னும் உள்ள போயிருக்க மாட்டார்."

நர்ஸ் லூர்துராணி நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். இங்கே வேலைக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அனுபமாவின் காதருகே குனிந்து, "சாமியோட சேர்ந்து நடந்து வந்தவருக்கு எத்தனை மார்க் டாக்டர்?" என்றார்.

கேலிதான். ஆனால் கேள்வி நிஜம். தலையில் அடிபட்டவர் கண் திறப்பது, பேசுவது, கை அசைப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதினைந்து மார்க். பேச்சில் குழப்பம் தெரிந்தால் பதினாலு. ஸ்கேனில் அழகிரியின் மூளையின் ஓரத்தில் சீரகம் போல ஒரு சிறிய ரத்தக்கசிவு இருந்தது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் அவர் சாப்பிடுவதில்லை. பதினைந்து என்றால் சாதாரண வார்டில் வைத்துக் கவனித்து, சாயங்காலம் இன்னொரு ஸ்கேன் எடுத்தால் போதும். பதினாலு என்றால் ஐ.சி.யூ.

மற்ற நாளாக இருந்தால் யோசிக்காமல் ஐ.சி.யூ.வில் படுக்க வைத்திருப்பாள். அன்று அங்கே ஒரு கட்டில்தான் காலி. எடமலைப்பட்டி புதூரில் சாரம் சரிந்து விழுந்த ஒரு கொத்தனாரை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. நினைவில்லை, ஒரு பக்கத்துக் கண்மணி விரிந்திருக்கிறது என்று தகவல்.

மூளை அறுவை நிபுணர் பாலமுரளி போனில் அவசரமாகப் பேசினார். "பதினாலா, பதினஞ்சா? பக்கத்துல இருக்கிறது நீங்கதாம்மா, பாத்துச் சொல்லுங்க. ஊர்ல வேற எங்கயும் காலி இல்லை. இங்க கட்டில் இல்லைன்னா அந்த ஆம்புலன்ஸை இப்பவே தஞ்சாவூருக்குத் திருப்பணும். அவ்வளவு தூரம் அவர் தாங்குவாரான்னு எனக்குத் தெரியாது."

"ரெண்டு நிமிஷம் கொடுங்க சார்."

இவரை வார்டில் போட்டு, கசிவு பெரிதாகி, யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டால்? கட்டிலை இவருக்குக் கொடுத்து, அந்த மனிதர் வழியிலேயே போய்விட்டால்? இரண்டையும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் பயத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. புத்தி குழம்பியவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்கள் பேச்சு நூல்கண்டு உருண்டதுபோல எங்கெங்கோ ஓடும். இவர் பேச்சு அப்படி ஓடவில்லை. ஏதோ ஓர் ஒழுங்கில் நின்றது.

மறுபடியும் அவர் கட்டிலருகே போனாள். கடிகாரமோ ஜன்னலோ இல்லாத அறை அது.

"ஐயா, இப்ப மணி என்ன இருக்கும்?"

"ஸ்கேன் எடுக்கவே ரொம்ப நேரமாச்சே. இப்ப உள்ள போயிருப்பார். பாவம், இந்த வெயில்ல அவ்வளவு தூரம் வந்திருக்கார்."

அனுபமா அப்படியே நின்றாள். குழம்பிய மனதில் இருக்கும் பெருமாள், முதலில் நின்ற இடத்திலேயே அல்லவா நிற்க வேண்டும்? இவருடைய பெருமாள் நகர்கிறார். நேரத்தோடு நகர்கிறார்.

அப்போதுதான் காலையில் வேலைக்கு வந்த வழி ஞாபகம் வந்தது. ஆட்டோக்காரர் வழக்கமான சாலையை விட்டு எங்கோ சுற்றினார். ஏன் என்று கேட்டதற்கு, "சாமி வருதும்மா, ரோடு அடைப்பு" என்றார். தாமதமாகிவிட்ட எரிச்சலில் அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சொந்த ஊர் ஓசூர். திருச்சி அவளுக்கு இரண்டு மாதப் பழக்கம்.

வெளியே ஓடினாள். ரசூல் வாசற்படியில் அழகிரியின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உறையூர்ல இன்னிக்கு என்னங்க?"

"தெரியாதா டாக்டர்? வருஷத்துல ஒரு நாள் ஸ்ரீரங்கத்துப் பெருமாள் ஆத்தைத் தாண்டி உறையூர்த் தாயாரைப் பாக்க வருவாருங்க. அந்தம்மா பொறந்த ஊரு இதுதான்."

"அப்ப இது அவருக்கு மாமனார் ஊரு!"

"ஆமா, அப்படித்தானே வரும்?" என்றார் ரசூல், இதில் வியக்க என்ன இருக்கிறது என்பதுபோல. "ரோட்டை அடைச்சிட்டாங்கன்னு நானும் அங்கதான் வண்டியோட நின்னேன். பல்லக்கு இப்பதான் கோயிலுக்குள்ள போச்சாம், ரோடு திறந்தாச்சுன்னு தம்பி போன் பண்ணான்."

அனுபமா சத்தமாகச் சிரித்துவிட்டாள். உடனே பாலமுரளியை அழைத்தாள். "பதினஞ்சு சார். முழு மார்க். ஆம்புலன்ஸ் வரட்டும்."

லூர்துராணிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "மார்க் சரி டாக்டர். வார்டுல முப்பது பேருக்கு நான் ஒருத்தி. மணிக்கொரு தடவை நான் பாத்துடுவேன். நடுவுல எதாவது ஆச்சுன்னா? அவர் வீட்டம்மா இந்தக் கூட்டத்துல பாலத்தைத் தாண்டி எப்ப வந்து சேருவாங்களோ."

"அவங்க வர்ற வரைக்கும் நான் இருக்கேங்க," என்றார் ரசூல்.

"பழம் வெயில்ல கிடக்கே?" என்றாள் அனுபமா.

"சத்திரம் பஸ் ஸ்டாண்டுல கடைக்காரர் திட்டுவாரு. திட்டிட்டு வாங்கிக்குவாரு. என்ன பாக்கணும்னு மட்டும் சொல்லிக் கொடுங்க."

அனுபமா சொல்லிக் கொடுத்தாள். அடிக்கடி எழுப்ப வேண்டும். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். வாந்தி வந்தாலும், தூக்கம் அதிகமானாலும், பதில் தடுமாறினாலும் அந்த நிமிடமே குரல் கொடுக்க வேண்டும்.

"என்ன கேள்வி கேக்கட்டும்?"

"பெருமாள் இப்ப எங்க இருக்கார்னு கேளுங்க."

ஆம்புலன்ஸ் வந்தது. கொத்தனாரை நேராக அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். வார்டில் ரசூல் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பள்ளி வாத்தியாரைப் போலத் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் அவர் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "டாக்டர், பதிலே வரல. கண்ணையும் திறக்கல."

அந்த நீண்ட தாழ்வாரம் முழுவதும் அனுபமா தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள். நானே கட்டிலை விட்டுக் கொடுத்தேன், நானே ஒரு மார்க் சேர்த்தேன். அழகிரி கண்மூடிக் கிடந்தார். தோளை அழுத்திப் பிடித்து, "ஐயா!" என்று உரக்கக் கூப்பிட்டாள்.

உதடுகள் அசைந்தன. பிறகு கண் திறந்தது. அதில் நீர் நிறைந்திருந்தது.

"இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பாங்கம்மா. சேர்த்தி. மனசால சேவிச்சிட்டிருந்தேன். நடுவுல பேசலாமா?"

"நல்லா சேவிச்சீங்க!" என்று வெடித்தார் ரசூல். "எனக்கு உசுரே போயிடுச்சு. அடுத்த தடவை ஒரு விரலையாச்சும் ஆட்டிட்டுச் சேவிங்க."

அழகிரி பணிவாக விரலை ஆட்டிக் காட்டினார். அனுபமா டார்ச் அடித்துக் கண்களைப் பார்த்தாள். இரண்டு கையாலும் தன் விரல்களைப் பிடிக்கச் சொன்னாள். ஃபிட்டர் பிடி. வலித்தது. அந்த வலி அவளுக்கு இதமாக இருந்தது.

வெயில் சாய்ந்தபோது இரண்டாவது ஸ்கேன் எடுத்தார்கள். சீரகம் சீரகமாகவே இருந்தது. ஐ.சி.யூ.வின் கடைசிக் கட்டிலில் கொத்தனார், அறுவை முடிந்து, கூப்பிட்ட குரலுக்குக் கை அசைத்ததாக லூர்துராணி வந்து சொன்னார். சொல்லும்போதே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

அழகிரியின் மனைவி ரெங்கநாயகி அப்போதுதான் வந்து சேர்ந்தார். கணவர் முழுசாக இருப்பதைப் பார்த்ததும் அழுகை நின்று கோபம் வந்தது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேன், வெயில்ல நடக்காதீங்கன்னு. உறையூர் போயிட்டு வந்த பெருமாளுக்கே எங்க ஸ்ரீரங்கத்துத் தாயார் கதவைச் சாத்துவாங்க. நீங்க வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்."

ரசூல் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் சோடியாக வைத்துவிட்டு, வண்டியிலிருந்து ஒரு தர்பூசணியைக் கொண்டு வந்து மேசை மேல் வைத்தார். வெயிலில் கிடந்த பழம் இன்னும் சூடாக இருந்தது. ரெங்கநாயகி அவரைப் பார்த்துக் கை கூப்பினார்.

வேலை முடிந்து கிளம்புமுன் அனுபமா கடைசியாக ஒருமுறை கட்டிலருகே நின்றாள். உண்மையில் இப்போது கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் கேட்டாள்.

"பெருமாள் இப்ப எங்க இருக்கார்?"

அழகிரி பழத்தைப் பார்த்தார். வியர்வையில் சட்டை ஒட்டிப்போய் நின்ற ரசூலைப் பார்த்தார். எதிரே ஐ.சி.யூ.வின் கதவைப் பார்த்தார்.

"வாயில வேற பதில் வருதும்மா. சொன்னா நீங்க ஒரு மார்க் குறைச்சிடுவீங்க," என்றார். "உறையூர்லதான் இருக்கார். எழுதிக்குங்க."