கூடமுங்கிக்குத் தாடி ஏது

தொராகிச்சிக்கு நீந்தத் தெரியாது. கடலை நம்பிப் பிழைக்கிற ஜப்பானியக் கிராமமான குரோஹாமாவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவன் யாரிடமும் சொல்வதில்லை. அவன் சொல்லாவிட்டால் என்ன? அவன் மனைவி இசோ கிணற்றடியில் வாரத்துக்கு ஒரு முறையாவது அதைச் சொல்லிவிடுவாள்.

"நீச்சல் தெரிஞ்சவன் கயித்த விட்டுட்டுக் குதிச்சுருவான். தெரியாதவன் கயித்த விடமாட்டான். அதைப் பாத்துத்தான் இந்த மனுசனக் கட்டிக்கிட்டேன்" என்பாள்.

அந்த ஊரில் முங்குவது பெண்கள், படகில் கயிறு பிடிப்பது ஆண்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கனத்துக்குக் கையில் கல்லோடு இசோ இறங்குவாள். பாறையில் ஒட்டிக்கிடக்கும் அவாபிச் சிப்பிகளை உளியால் நெம்பி எடுப்பாள். மூச்சு முடியும் நேரத்தில் கயிற்றை ஒரே ஒரு முறை வெட்டி இழுப்பாள். அவ்வளவுதான், மேலே இருப்பவன் உயிரைக் கொடுத்து இழுக்க வேண்டும். தன் பெண்டாட்டியின் கயிற்றை இன்னொருவன் பிடிக்க எந்தப் புருஷனும் விட்டதில்லை. கயிறு ஆடுகிற ஆட்டத்தை வைத்தே அவள் சிப்பியை நெம்புகிறாளா, திரும்புகிறாளா, எதிலாவது சிக்கிக்கொண்டாளா என்று தொராகிச்சி சொல்லிவிடுவான். தலை மேலே வந்ததும் அடக்கிய மூச்சைச் சீழ்க்கையாக விடுவாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சீழ்க்கை. இசோவுடையது தாழ்வாக ஆரம்பித்து, கொதிக்கிற கெண்டியைப் போல முடிவில் ஏறும். இருபது படகு நின்றாலும் அவனுக்கு அது தனியாகக் கேட்கும்.

மேஜி மன்னர் ஆட்சியின் இருபதாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்தப் புயல் அடித்தது. பொழுது சாயும் நேரத்தில் வெளிநாட்டுப் புகைக்கப்பல் ஒன்று பல்லுப்பாறையில் ஏறி இரண்டாகப் பிளந்தது. குரோஹாமாக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் ஆயிரம் சொல்வார்கள். கஞ்சர்கள், முரடர்கள், வாய் நீளம். எல்லாம் உண்மைதான். ஆனால் அன்று மாலை ஆணும் பெண்ணுமாகக் கைகோத்துக் கழுத்தளவு அலையில் நின்று, கைக்கு எட்டிய அத்தனை பாஷை தெரியாதவர்களையும் ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார்கள். புத்தாண்டுக்கென்று வைத்திருந்த பஞ்சு அங்கிகளை அவர்கள் மேல் போர்த்தினார்கள். குளிர்காலத்துக்கு வைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை எல்லாம் வேகவைத்தார்கள். ஊர்த்தலைவர் வீட்டு முட்டையிடும் கோழிகூடக் குழம்பானது. அவர் மனைவி அதற்காக இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள் என்பது வேறு கதை.

காலையில் காற்று நின்றது. வானம் மட்டும் வெளுக்கவில்லை. கோயில் கூடத்தில் படுத்திருந்தவர்களில் ஒரு நரைத்தாடிக்காரன் கஞ்சியைத் தொடவே இல்லை. கரைக்கு வந்து நின்று ஒரு விரலைக் காட்டுவான், தன் நெஞ்சைத் தொடுவான், கடலைக் காட்டுவான். மறுபடி ஒரு விரல்.

"ஒரு ஆளு கொறையுது. தம்பியா இருக்கணும்" என்றாள் இசோ. "பொணமாச்சும் கெடைச்சா அந்த மனுசன் ஒரு வாய் கஞ்சி குடிப்பான். கெளம்பு."

"மேகத்தப் பாத்தியா?"

"பாத்தேன். நான் என்ன குருடியா?"

மேகம் மூடிய நாளில் அந்தக் கடலில் யாரும் முங்குவதில்லை. அப்படிப்பட்ட நாளில்தான் கூடமுங்கி என்கிற பேய் வரும். முங்குகிறவளின் உருவத்திலேயே, அதே வெள்ளை உடுப்பில், பாறை நிழலிலிருந்து எதிரே வரும். கையை நீட்டும், பெரிய அவாபி ஒன்றைக் கொடுக்கும். வாங்கினால் போச்சு. மேலே வந்தும் நீட்டுமாம். படகுக்காரன் கையைக் கொடுத்தால் அவனும் போச்சு. அதற்குக் காவலாகத்தான் பெண்கள் தலைத்துணியில் கறுப்பு நூலால் நட்சத்திரம் தைத்துக்கொள்வது. தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிற கோடு அது. இறங்கினவளும் தொடங்கின இடத்துக்கே வந்து சேருவாள் என்று அர்த்தம். பேய்க்கு எல்லாம் வரும், அந்த நட்சத்திரம் மட்டும் வராது.

இரண்டு படகு கிளம்பியது. ஒன்றில் இவர்கள், இன்னொன்றில் பக்கத்து வீட்டுக் குஹே அண்ணனும் அவர் மனைவியும். முனைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் ஓரளவு அடங்கியிருந்தது. அங்கே செங்குத்துப் பாறைக்குக் கீழே ஒரு பொந்து உண்டு. கடல் வற்றும்போது அதன் வாய் ஒரு சாண் அளவு தெரியும், ஏறும்போது மூடிக்கொள்ளும். உள்ளே கொஞ்ச தூரம் அரையிருட்டில் போனால் கூரை உயர்ந்து காற்று நிற்கிற ஒரு குழி. மிதந்து வருவது எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். அலை பாறையில் மோதியதால் படகைக் கிட்டே கொண்டுபோக முடியவில்லை. தொராகிச்சி தள்ளியே நிறுத்திக் கயிற்றை விட்டான்.

கயிறு ஓடியது. நின்றது. மெல்ல உள்ளே போனது. அப்புறம் வெடுக்கென்று ஒரு வெட்டு. மூச்சு முடிகிற வெட்டு இல்லை அது. அவள் போய் அவ்வளவு நேரமும் ஆகவில்லை. அவன் இழுத்தான்.

இசோ மேலே வந்தாள். சீழ்க்கை பாதியில் உடைந்தது. படகுக்குள் விழுந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் நடுங்கி அவன் பார்த்ததில்லை.

"என்னடி?"

"பாத்துட்டேன்."

"எத?"

"அதத்தான்யா. வெள்ளையா எதுக்க வந்துச்சு. கைய நீட்டுச்சு."

பக்கத்துப் படகில் குஹே அண்ணனுக்குக் காது கூர்மை. அவர் உடனே துடுப்பைத் திருப்பினார். பார்த்தவள் மட்டுமல்ல, கேட்டவர்களும் அன்று கடலை விட்டுப் போய்விட வேண்டும்; அதுதான் முறை. தொராகிச்சியும் துடுப்பைப் போட்டான். பாறை பின்னால் போய்க்கொண்டிருந்தது. இசோ தலைத்துணியை அவிழ்த்துப் பிழிந்தாள். அதிலிருந்த நட்சத்திரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நிறுத்து" என்றாள்.

"என்ன?"

"கூடமுங்கி நம்ம உருவத்துலதான வரும்?"

"ஆமா."

"எனக்குத் தாடி இருக்கா?"

தொராகிச்சி துடுப்பை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "காலையில பாத்தப்ப இல்ல."

"அதுக்கு இருந்துச்சுய்யா. செவப்பா. நீட்டுன கையில பச்ச குத்தியிருந்துச்சு, நட்சத்திரம். கண்ணு பாத்துச்சு, பயத்துல அப்ப மனசுல நிக்கல, இப்பத்தான் ஞாபகம் வருது. அவன் பேயில்ல. மனுசன். உசுரோட இருக்கான். தண்ணி வத்துனப்ப உள்ள போயி ஒண்டிக்கிட்டான், ஏறுனப்ப மாட்டிக்கிட்டான். என்னப் பாத்துக் கைய நீட்டுனான். நான் முதுகக் காட்டிட்டு வந்துட்டேன்."

அவள் தலைத்துணியை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். குஹே அண்ணன் தூரத்திலிருந்து கத்தினார்.

"தொரா, கூட்டிட்டு வாடா. பேய் புடிச்சவ அப்படித்தான் பேசுவா. திரும்பிப் போகத்தான் கூப்புடும்."

தொராகிச்சி பின்னால் போன பாறையைத் திரும்பிப் பார்த்தான். அவன் தைரியசாலி இல்லை. அப்படி ஒருநாளும் சொல்லிக்கொண்டதும் இல்லை.

"தண்ணி வத்துனதும் போலாமே" என்றான்.

"மத்தியானத்துக்குள்ள அந்தக் குழி கூரை வரைக்கும் ரொம்பிரும். அப்புறம் வத்துனா என்ன, வத்தாட்டி என்ன?"

"அது நட்சத்திரம் போடக் கத்துக்கிட்டிருந்தா?"

"அப்ப நீ என்னய இழு. வேற எதுக்கு உன்ன வெச்சிருக்கேன்?"

அவன் படகைத் திருப்பினான். அவள் கல்லை எடுத்துக்கொண்டாள். நீரில் இறங்கும் முன்பு எப்போதும் படகு விளிம்பில் உளியால் இரண்டு தட்டுத் தட்டுவாள், அன்றும் தட்டினாள். தட்டிவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்கவில்லை.

கயிறு ஓடியது. பொந்து வாய்க்குப் போனது, உள்ளே போனது. அப்புறம் தளர்ந்து கிடந்தது. குழிக்குள் போய்த் தலையைத் தூக்கிவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு கயிறு ஆடிய ஆட்டத்துக்கு அவனால் அர்த்தம் சொல்ல முடியவில்லை. ஏதோ உதறல், ஏதோ இழுபறி, மறுபடி ஒன்றுமில்லை. குஹே அண்ணன் போகாமல் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவாரே தவிர விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர்.

வெட்டு வந்தது. ஒன்றே ஒன்று. தொராகிச்சி இழுத்தான்.

மூன்று பிடி இழுப்பதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. இது இசோ இல்லை. இசோ வரும்போது பாறையைக் காலால் உதைத்துத் தள்ளுவாள். கயிறு ஒரு கணம் இலேசாகும். இது உதைக்கவில்லை. மூட்டை மாதிரிக் கனத்தது.

"என்னடா மொகம் அப்படிப் போவுது?" என்றார் குஹே அண்ணன்.

"கனம் வேற மாதிரி இருக்கு."

"வெட்டுடா. கயித்த வெட்டு. அவளத் தின்னுட்டு அது வருது."

கத்தி அவன் முழங்காலுக்குப் பக்கத்திலேயே செருகியிருந்தது. அந்த ஊரில் எந்தக் கயிறும் வெட்டப்பட்டதில்லை, ஆனாலும் எல்லாப் படகிலும் அந்தக் கத்தி இருக்கும். தொராகிச்சி அதைத் தொடவில்லை. வரட்டும் என்று நினைத்தான். பேயாகவே இருக்கட்டும். மேலே வரட்டும், இசோ எங்கே என்று அதனிடமே கேட்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது.

தண்ணீரைப் பிளந்து ஒரு சிவப்புத் தாடி வந்தது. தாடியையும் வெள்ளைச் சட்டையையும் சேர்த்துப் பிடித்துப் படகுக்குள் புரட்டினான். பெரிய ஆள், தோளெல்லாம் பாறை கிழித்த கோடு. உடைந்த நெற்றியைச் சுற்றி இசோவின் தலைத்துணி. இடுப்பில் இசோவின் கயிறு, இசோ போடும் முடிச்சு. குடித்த கடலை எல்லாம் கக்கினான்.

"இசோ எங்க?" என்று தொராகிச்சி அவனை உலுக்கினான். "அவ எங்கடா?"

அவன் ஏதோ சொன்னான். கீழே காட்டினான். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

கயிற்றின் மறுமுனை படகுக்குள் கிடந்தது. கல்யாணமானதிலிருந்து இசோ கடலுக்குள் இருக்கும்போது தொராகிச்சியின் கையில் கயிறு இல்லாமல் இருந்ததே இல்லை. அவன் எழுந்தான். ஒரு காலைத் தூக்கி விளிம்புக்கு அந்தப் பக்கம் போட்டான். குளிர்ந்த தண்ணீர் முழங்கால் வரை ஏறியது.

"டேய், உனக்கு நீச்சல் தெரியாதுடா" என்றார் குஹே அண்ணன். அவர் குரலில் இப்போது திட்டு இல்லை.

தெரியாதுதான். அதை மறக்கிற அளவுக்கு அவனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

அப்போது படகுக்கு மறுபக்கம் தண்ணீர் அசைந்தது. வெள்ளை உடுப்பு. முகம் மறைத்த கூந்தல். தலையில் துணி இல்லை, நட்சத்திரம் இல்லை. சீழ்க்கை வரவில்லை. சத்தமே இல்லாமல் ஒரு கை நீண்டது. அந்தக் கையில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அவாபி.

சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்த அத்தனையும் அப்படியே எதிரே நின்றது. குஹே அண்ணனின் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். "கையக் குடுக்காத தொரா" என்றார் அவர்.

தொராகிச்சி காலை உள்ளே எடுத்தான். ஒரே எட்டில் மறுபக்கம் போய் இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்தான். பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. விடவில்லை.

அதற்குப் பிறகுதான் சீழ்க்கை வந்தது. தாழ்வாக ஆரம்பித்து, நடுவில் இருமலில் சிக்கி, முடிவில் ஏறியது. தொராகிச்சிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. அதை யார் பார்த்தாலும் சரி என்று விட்டுவிட்டான்.

"சிப்பிய மொதல்ல வாங்குய்யா" என்றாள் இசோ. "கை மரத்துப் போச்சு."

மேலே ஏறிக் குப்புறக் கிடந்து மூச்சு வாங்கினாள். பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். குழிக்குள் தண்ணீர் அவன் கழுத்துக்கு வந்திருந்தது. கயிற்றைக் கட்டப் போனால் முரண்டு பிடித்தான். "உன்ன மாதிரிதான், நீச்சல் தெரியாது. பயம். ரெண்டு அறை விட்டு மூக்கைப் பொத்தினேன், அடங்குனான்." வழி குறுகல், இரண்டு பேர் சேர்ந்து வர முடியாது. அவன் வெளியே போகும்வரை அவள் தாடையளவு தண்ணீரில் கூரையை அண்ணாந்தபடி நின்றாள். நின்ற இடத்தில் காலுக்கடியில் ஏதோ தட்டுப்பட்டது.

"வெறுங்கையோட மேல வந்து எனக்குப் பழக்கமில்ல" என்றாள்.

சிவப்புத் தாடிக்காரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். தொராகிச்சி துடுப்பு போட்டான். உள்ளங்கை எரிந்தது.

"பேய்னுதான நெனச்ச?" என்று கேட்டாள் இசோ.

"ஆமா."

"அப்புறம் ஏன்யா கையப் புடிச்ச?"

அவன் துடுப்பை ஒரு முறை ஊன்றி வலித்தான். "உன் சாடையில இருந்துச்சு" என்றான். "அது போதும்னு தோணுச்சு."

இசோ அவன் கையிலிருந்து துடுப்பைத் தானே வாங்கிக்கொண்டாள். கரையில் நரைத்தாடிக்காரன் இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடிவந்துகொண்டிருந்தான். அவனைத் தடுக்கப் போனவர்களும் அவனோடு சேர்ந்து ஓடிவந்தார்கள்.

அந்த வாரம் கிணற்றடியில் யாரோ வழக்கம்போல் தொராகிச்சியின் நீச்சலைப் பற்றிக் கிண்டலாக ஆரம்பித்தார்கள். இசோ வாளியைக் கீழே வைத்தாள்.

"பொந்துக்குள்ள இருந்து வெளிய வந்து அண்ணாந்து பாத்தேன்" என்றாள். "படகுக்கு அடியில ஒரு காலு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நீச்சல் தெரியாத காலு."

வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதற்கப்புறம் கிணற்றடியில் அந்தப் பேச்சு வரவில்லை.