முன்சீட்டில் உப்பு மூட்டை

1

இந்தக் கதை ஏலகிரி பஸ்ஸின் பின்கண்ணாடியில் கிடைத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் ஒரு ஞாயிறு காலை, கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒரு பழைய எஸ்டேட் கார் வந்தது; சாமான் ஏற்ற வசதியாக முதுகு நீண்ட கார். ஓட்டியவர் பக்கத்தில் ஒரு மூட்டை. அதற்குப் புடவை கட்டியிருந்தது. பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் அடிக்கடி திரும்பி அந்த மூட்டையையே முறைத்தாள்.

பிறகு மலைமேல் அந்தப் பெண்ணும் கார் ஓட்டியவரும் பேசியதில் கொஞ்சம் காதில் விழுந்தது. விசாரிக்க எனக்கு வாய் வராது. மீதியை நானே செய்கிறேன், பெயர்கள் உட்பட.

2

முதல் தொடக்கம்: ஆம்பூரில் ஏசுராஜ் என்றொரு வீரமான டிரைவர்

(வேண்டாம். அந்த வீரத்தால்தான் இத்தனையும்.)

இரண்டாவது: ஏசுராஜின் வாடகைக் கார் டீசலைச் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கும். அந்தச் சிக்கனத்துக்காகவே ஷூ கம்பெனிகள் தோல் கட்டு ஏற்ற அவரைக் கூப்பிடும். போன கிறிஸ்துமஸுக்கு மனைவி ஜெயசீலியோடு ஏலகிரியிலிருந்து இறங்கும்போது, முன்னால் போன லாரியை வளைவில் முந்தப் பார்த்தார். காரின் பின்பக்கம் வீசித் தடுப்புச்சுவரில் மோதியது. ஜெயசீலியின் இடது கை முறிந்தது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் மலைமேல் இருக்கும் அம்மா வீட்டுக்கு அவள் இப்போது பஸ்ஸில்தான் போகிறாள்.

"கார சரி பண்ணி கூட்டிட்டுப் போறேன், சீலி."

"பண்ணுங்க. அதுவரிக்கும் பஸ்ஸு ஓடாமலா பூடும்?"

3

மெக்கானிக் நிசார் அஹமதின் பட்டறையில் கார் ஏறியது.

"இன்னா ஏசு, ரேஸுக்கா?"

"பஸ்ல போற பொண்டாட்டிய கார்ல ஏத்தணும் பாய்."

"அது ரேஸவிட பேஜாராச்சே!"

இன்ஜெக்டரைக் கழுவி, பம்பைத் திருத்தியதும் புகை கம்மியானது. முதல் கியரில் முனகி ஏறிய மேட்டை இரண்டாவதிலேயே ஏறியது. இரும்புப் பட்டைகளை அடுக்கிய பின்சக்கர ஸ்பிரிங்தான் படுத்தியது. ஒரு பட்டை கூட்டினால் வளைவில் கார் நிமிர்ந்து நின்றது. ஆனால் சின்னக் கல்லுக்கும் குதித்தது. ஒன்றைக் கழற்றினால் தொட்டில்போல ஆடி, வளைவில் பின்பக்கம் வீசியது. கடைசியில் பட்டைகளுக்கு நடுவே தோல் வார் வைத்தார்கள். ஆம்பூரில் வேறு எதை வைப்பார்கள்? மீன் எண்ணெயில் ஊறிய தோல்.*

* பட்டைகள் உரசும் கிறீச்சொலி நின்றது. ஆனால் அந்த வாசத்துக்குத் தெரு நாய்களெல்லாம் பின்னால் ஓடிவந்தன. இதைக் கதைக்குள் விட்டால் நாய்கள் கதையைக் கவ்விக்கொண்டு போய்விடும். அதனால் இங்கே கட்டிப்போட்டிருக்கிறேன்.

தோலுக்கு உப்புப் போட்டு வைக்கும் மண்டியிலிருந்து ஜெயசீலி எடைக்கு ஒரு உப்பு மூட்டை வாங்கி, அவள் புடவையைச் சுற்றி, அவள் இடத்தில் உட்காரவைத்தார். மடியில் ஒரு சொம்புத் தண்ணீர். ஞாயிறுதோறும் அவள் போகும் பஸ்ஸின் பின்னாலேயே மலையேறினார். முதல் வாரம் தண்ணீர் கவிழ்ந்து, உப்பு கரைந்து, மூட்டை அழுதுகொண்டே வந்தது.

4

நான் பார்த்த ஞாயிறன்று பாதி மலையிலேயே பனி இறங்கியிருந்தது. கார் சாலையைத் தொடாமல் மிதந்து வருவதுபோலிருந்தது. சொம்புக்குள் ஒரு வட்ட வானம் அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மேலே பஸ் நின்றதும் ஏசுராஜ் கதவைத் திறந்து காட்டினார்.

"பாரு சீலி, ஒரு சொட்டு சிந்தல. கார் சரியாய்டுச்சி."

அவள் மூட்டையைப் பார்த்தாள். "கொசுவம் எனக்குக்கூட இவ்ளோ அழகா வராது." பிறகு சொம்பைப் பார்த்தாள். "பஸ் பின்னாடியே உருண்டு வந்தா எந்தக் கார்லதான் சிந்தும்? முன்னாடி பஸ் இல்லன்னா?"

(இங்கே அவரை 'என் தப்புதான்' என்று சொல்லவைத்தேன். அந்த வரியை அடித்தேன். மறுபடி எழுதி, மறுபடி அடித்தேன். காரில் இருக்கும் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிய மனிதர், அந்த ஒன்றை மட்டும் கழற்ற மாட்டேனென்கிறார். இவரை நம்பலாமா என்று எனக்கே தெரியவில்லை.)

அவர் ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கும்போதும் பஸ் பின்னாடியே வர்றேன். அது நின்னா நிக்கிறேன். ஆரன்கூட அடிக்க மாட்டேன்."

5

முடிவு, ஒன்று: அவள் மூட்டையை இறக்கிவிட்டு உட்காருகிறாள். அழகாக இருக்கிறது. ஆனால் முறிந்தது என் கை இல்லையே.

முடிவு, இரண்டு: அவள் பஸ் ஏறுகிறாள், அவர் மூட்டையோடு

அதையும் முடிக்க மனம் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மாலை இறங்கும் பஸ்ஸிலும் எனக்குக் கடைசி சீட்டுதான். கூச்சத்தில் யாரையும் பார்க்காமல் ஏறி, பின்கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கார் வருகிறது. பஸ் தயங்கும் வளைவில் அதுவும் தயங்குகிறது. அவர் பக்கத்தில் ஏதோ இருக்கிறது. பனியில் நிறம் தெரியவில்லை. வளைவில் லேசாகச் சாய்கிறது. மூட்டையும் அப்படித்தான் சாயும்.

என் முன்சீட்டில் அவள் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் நான் கண்ணை எடுக்காதவரைக்கும் அவர் முந்தமாட்டார் என்று ஏனோ ஒரு நம்பிக்கை. இன்னும் சில வளைவுகள் இருக்கின்றன. காரை நான் பார்த்துக்கொள்கிறேன். சீட்டை நீங்கள் பாருங்கள்.