சிவப்புப் பக்கம்

விசாத் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த இணையதள முகவரியை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துத் தட்டிவிட்டு எண்டரை அழுத்தினாள் சந்தியா. திரை கொஞ்ச நேரம் வெள்ளையாகவே நின்றது. அப்புறம் முழுக்கச் சிவந்தது. நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள் ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை. பல் தேய்த்த ஈரம் வாயோரம் காயாமல் அவளுக்குப் பின்னால் நின்றிருந்த கணவன் ஏழுமலை குனிந்து பார்த்தான். ஏ.சி. பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் ஆங்கிலம்தான் அவனுக்குப் பழக்கம். இதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டான்.

சந்தியா தலைப்பை இரண்டு முறை படித்தாள். "இந்த சைட்டோட சர்ட்டிபிகேட் செல்லாதாம். உள்ள போவாதேன்னு சொல்லுது."

அன்று மாலை அவன் திருப்பதியிலிருந்து சென்னைக்கு பஸ் ஏற வேண்டும். விடியற்காலையில் குவைத்துக்கு விமானம். ஏஜெண்ட் கிருஷ்ணப்பா விசாவையும் டிக்கெட்டையும் முந்தின நாள் சாயங்காலம்தான் சித்தூரில் வைத்துக் கையில் கொடுத்திருந்தார். எல்லோருக்குமே அப்படிக் கடைசி நேரத்தில்தான் கொடுப்பது வழக்கம் என்று தெலுங்கில் சமாதானமும் சொல்லியிருந்தார். தாளில் பெயரும் எண்களும் ஆங்கிலத்தில் இருந்தன. மற்றதெல்லாம் அரபி. அதில் என்ன வேலைக்கு அழைக்கிறார்கள் என்று எந்த வரியில் எழுதியிருக்கிறது என்பதுகூட இருவருக்கும் தெரியவில்லை. அந்த முகவரியில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் விளங்கும் என்றுதான் சந்தியா காலையில் எழுந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

மறுபடியும் தட்டினாள். மறுபடியும் சிவப்பு. நெட் டாங்கிளைப் பிடுங்கித் துடைத்துச் செருகிப் பார்த்தாள். பிரவுசரை மூடித் திறந்தாள். அதே பக்கம். கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. எப்படியானாலும் தொடர்க என்றது ஒன்று. பாதுகாப்புக்குத் திரும்புக என்றது மற்றது. இரண்டையும் அவனுக்குத் தமிழில் சொன்னாள். பாஸ்போர்ட் எண்ணைப் போட வேண்டிய இடம், தைரியமாகத் தொடர அவளுக்கு மனம் வரவில்லை. ஏழுமலை அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மவுஸை வாங்கி, இரண்டாவது பொத்தானைத் தானே அழுத்தினான்.

கிருஷ்ணப்பாவுக்குப் போன் போட்டார்கள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. காபி குடித்துவிட்டுப் போட்டார்கள், மகள் ஹரிதாவுக்குத் தலை வாரிவிட்டுப் போட்டார்கள். அப்போதும் அப்படியே இருந்தது. அதற்குமேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று சந்தியாவுக்குத் தோன்றியது. பொய்த் தாள், பொய் முகவரி, அணைத்து வைத்த போன். கங்காதர நெல்லூர்ப் பக்கம் ஏழுமலையின் ஊர்க்காரன் முனிகிருஷ்ணன் டிரைவர் வேலை என்று நம்பி இப்படித்தான் போனான். இறங்கின மறுநாளே பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபிறகும் அவன் யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான் என்று அவன் மனைவி ஒரு கல்யாணத்தில் சந்தியாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

ஏழுமலை கத்துவான், பைக்கை எடுத்துக்கொண்டு சித்தூருக்குப் பறப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் ஒன்றும் செய்யவில்லை. சுவரோரம் திறந்து கிடந்த புதுப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அதிலிருந்து கைலி ஒன்றை உருவிக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். இட்லி இருந்தால் போடச் சொன்னான். ஒரு மாதமாகத் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தவன் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றான். சட்னியை விரலால் வழித்தான். ஹரிதா அவன் முதுகில் சாய்ந்துகொண்டு, நைனா நீ ஊருக்குப் போகலையா என்று கேட்டாள். "போவல கண்ணு" என்றான். அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்த விதம் சந்தியாவை நிமிர்ந்து பார்க்க வைத்தது. மாடி மாடியாக ஏ.சி. பெட்டி சுமந்து இறக்கிவிட்டு, தோளை உதறிக்கொண்டு நிற்பவனைப் போல இருந்தான்.

அவளிடம் அவன் சொன்னது ஒன்றுதான். "வுடு. ஏர்போர்ட்ல போய் மாட்டிக்கினு நிக்காம இங்கியே தெரிஞ்சிதே. நெஞ்சில இருந்த கல்லு எறங்கின மாதிரி கீது."

அவளுக்கும்தான். ஆனால் அதை அவளால் சொல்ல முடியவில்லை. திருப்பதி லாட்ஜுகளில் அவன் பார்க்கும் ஏ.சி. வேலை கோடையில் மூச்சுவிட நேரமில்லாமல் வரும், மழைக்காலத்தில் அப்படியே நின்றுபோகும். குவைத் என்ற பேச்சை முதலில் எடுத்தது யார் என்று இப்போது நினைவில்லை. தெருவில் வீட்டுக்கொருவர் போயிருந்தார்கள். பேச்சு எடுத்த நாளிலிருந்து அவன் அவளுக்காகப் போகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் போகச் சொல்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தானோ என்னவோ. இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பெட்டி வாங்கினார்கள், ஊறுகாய் போட்டார்கள், சட்டைகளுக்கு இஸ்திரி போட்டார்கள். அவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஏழுமலை கூடத்துத் தரையில் ஹரிதாவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கிப்போனான்.

அப்போதுதான் ரங்கையா போன் செய்தார். அவருடைய புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அழைப்பிதழை சந்தியாதான் தெலுங்கிலும் தமிழிலும் டைப் செய்திருந்தாள். வீட்டிலிருந்தபடியே அவள் பார்க்கும் வேலை அது. பத்திரிகையின் மாதிரியை அச்சகத்துக்கு மெயிலில் அனுப்பிவிட்டாளா என்று அவர் கேட்டார். இதோ அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தினமும் திறக்கும் மெயில்தான். முகவரியைத் தட்டியதும் திரை சிவந்தது.

அவள் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அதே எச்சரிக்கை, அதே இரண்டு பொத்தான்கள். குவைத்துக்காரன் பொய் சொல்லலாம். தன்னுடைய மெயிலுமா பொய்? செய்தித்தாள் பக்கம் ஒன்றைத் திறந்தாள். அது எப்போதும்போல் திறந்தது. ரயில் டிக்கெட் எடுக்கும் தளத்துக்குள் நுழையப் பார்த்தாள். சிவப்பு. பூட்டுப் படம் போட்ட தளங்கள் மட்டும்தான் முரண்டு பிடிக்கின்றன என்று புரிந்தபோது காலையிலிருந்து படிக்காமல் விட்டிருந்த கீழ்வரிகளுக்கு அவள் கண் போனது. நிதானமாக, உதட்டை அசைத்துப் படித்தாள். சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரம் 2003 ஜனவரி ஒன்று என்று காட்டுகிறது. இது சரிதானா?

திரையின் வலது மூலையில் இருந்த நேரத்தின் மேல் மவுஸை வைத்தாள். 2003 என்றுதான் வந்தது. எட்டு வருஷம் பின்னால் போய்விட்டிருந்தது கம்ப்யூட்டர். அந்தக் கணக்கில் அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அடுத்த நொடியே காரணமும் விளங்கியது. பெட்டியை விரித்து வைக்க இடம் வேண்டுமென்று நேற்று ராத்திரி கம்ப்யூட்டர் மேசையை நகர்த்தினார்கள். அப்போது பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். மூடிய லாட்ஜ் ஒன்றின் வரவேற்பறையிலிருந்து வந்த பழைய கம்ப்யூட்டர் அது. உள்ளே நேரத்தைப் பிடித்து வைத்திருக்கும் சின்ன பாட்டரி செத்துப்போயிருக்க வேண்டும். கரண்ட் நின்றதும் தேதியை மறந்துவிட்டது. அதன் கணக்குப்படி இந்தத் தளங்கள் இப்போது காட்டும் சான்றிதழ் எல்லாமே பிறக்காத பிள்ளைக்கு வைத்த பெயர் மாதிரிதான்.

தேதியைத் திருத்தினாள். வருஷம், மாதம், நாள், மணி. மெயில் திறந்தது. பத்திரிகையை அச்சகத்துக்கு அனுப்பினாள். பிறகு விசாத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அந்த முகவரியை மறுபடி தட்டினாள். மேலே பச்சை நிறத்தில் சின்னப் பூட்டு வந்தது. அரபியில் திறந்த பக்கத்தின் ஓரத்தில் ஆங்கிலம் என்று இருந்ததைத் தொட்டாள். எண்களைப் போட்டாள். அவன் பெயர் வந்தது, எழுத்துப் பிசகாமல். பிறந்த தேதி வந்தது. செல்லுபடியாகும் என்று வந்தது.

கூடத்தில் அவன் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஹரிதாவின் கால் அவன் வயிற்றின் மேல் கிடந்தது. இந்தப் பக்கத்தை இப்போது மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. பஸ் போய்விடும், விமானம் போய்விடும். சாயங்காலம் மூவரும் ஊரிலுள்ள பழைய கோட்டைப் பக்கம் நடந்து போய்ப் புல்லில் உட்காரலாம். மவுஸ் மேல் இருந்த கை எவ்வளவு நேரம் அப்படியே இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கிருஷ்ணப்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டாள். காலையிலிருந்து அந்த மனிதரை மனசுக்குள் எத்தனை வசவு வைதிருப்பாள். பிறகு எழுந்து போய் ஏழுமலையின் தோளைத் தொட்டாள்.

அவன் விழித்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தேதி தப்பு, நம் கம்ப்யூட்டர்தான் தப்பு, விசா நிஜம். அவன் எழுந்து உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் தூக்கம் இருந்தது, வேறெதுவும் தெரியவில்லை. அவளால் தாங்க முடியவில்லை.

"போவ இஷ்டமில்லைன்னா போவாதே" என்றாள். "எனக்காவன்னு போவாதே. ஆனா விசா பொய்யின்னு சொல்லிக்கினு நிக்காதே. நிஜம்னு தெரிஞ்சே நில்லு. நான் கேக்க மாட்டேன்."

ஏழுமலை அவளை நிமிர்ந்து பார்த்தான். இத்தனை நாளும் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பான் என நினைத்தாள். அவன் வேறொன்றைக் கேட்டான்.

"இன்னா வேலைன்னு போட்டுக்கீது?"

அதை அவள் பார்க்கவே இல்லை. இருவரும் திரைக்கு வந்தார்கள். பெயருக்கு நாலு வரி கீழே இருந்தது. ஏ.சி. டெக்னீஷியன். அந்தச் சொல் மட்டும் அவனுக்குப் படிக்கத் தெரியும். தினமும் சட்டைப் பையில் மாட்டியிருக்கும் அடையாள அட்டையில் இருக்கிற சொல். குனிந்து படித்தான். விரலை வரிக்குக் கீழே வைத்துத் திரும்பவும் படித்தான். நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த அவன் கை மெல்லத் தளர்ந்தது.

அப்புறம்தான் சொன்னான். முனிகிருஷ்ணன் திரும்பி வந்ததிலிருந்து அவனுக்கு ராத்திரியில் ஆடுகள் கனவில் வருகின்றனவாம். அரபியில் இருக்கும் அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறதோ என்று நேற்றுச் சித்தூரிலிருந்து வரும் வழியெல்லாம் தாளைத் திறந்து திறந்து பார்த்தானாம். போக இஷ்டம் இல்லாமல் இல்லை. பெரிய பெரிய கட்டிடம், ஒரு கட்டிடம் முழுக்க ஒரே மெஷினில் குளிர்கிறதாம், அதையெல்லாம் கையால் தொட்டுப் பார்க்க ஆசைதான். என்ன வேலையில் இறக்குவார்கள் என்பதுதான் பயம். அவளிடம் சொன்னால் அவளும் பயப்படுவாள் என்று சொல்லவில்லை.

"ஆடு மேய்க்கிறதுக்கு இல்ல" என்றான். குரல் உடைந்து, அதை மறைக்கச் சிரித்தான். "எழுதிக்கீது பாரு." சந்தியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். போகிறானா என்று அவள் மறுபடி கேட்கவில்லை. அவன் கைலியை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்தான்.

சாயங்காலம் கிருஷ்ணப்பாவே கூப்பிட்டார். ஏழுமலை நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டுமென்று திருமலைக்குப் போனாராம். காலையிலேயே போனை அணைத்து வாங்கி வைத்துக்கொண்டு தரிசன வரிசையில் விட்டுவிட்டார்களாம், இப்போதுதான் வெளியே வந்தாராம். இத்தனை தடவை கூப்பிட்டதாக மெசேஜ் வந்திருக்கிறதே, என்ன அவசரம் என்று கேட்டார். ஒன்றுமில்லை, சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் என்றாள் சந்தியா. லட்டு கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றார். சரியென்றாள். காது மடல் சுட்டது.

திருப்பதி பஸ் நிலையத்தில் சென்னை வண்டி கிளம்பத் தயாராக இருந்தது. ஏழுமலை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கீழே ஹரிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தியா நின்றாள். வண்டி உறுமியது. அவன் சட்டென்று அவளுக்குப் பின்னால், மதில் தாண்டி ஒரு லாட்ஜின் சுவரைக் கையால் காட்டினான். வரிசையாக ஏ.சி. பெட்டிகள் துருத்திக்கொண்டிருந்தன.

"அந்த ரெண்டாவது மாடி, ஓரத்துல கீறது. தண்ணி எறங்குற டிரெய்ன் பைப் கழண்டுக்கினு கீது. மேனேஜராண்ட சொல்லு" என்றான். வண்டி நகர்ந்துவிட்டது.

அவர்கள் வெளியே வந்தபோது அந்தப் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பூக்காரி ஒருத்தி கூடையை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு, தான் நனைவதைப் பற்றிக் கவலையில்லாமல் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். ஹரிதா அம்மாவின் கையை விட்டுவிட்டு ஓடிப்போய் உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். ஒரு சொட்டு விழுந்தது. ரொம்பக் குளிராக இருக்கிறது என்று திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த சொட்டுக்காக அண்ணாந்து நின்றாள்.